பெரிதாக்கிய முகம்

ஓசூரில் வசுமதியை எல்லோரும் வசந்தி என்றுதான் கூப்பிட்டார்கள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் முபாரக் பாய் நடத்திய ஸ்டூடியோவில் அவளுக்குக் கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் வேலை. நாள் முழுக்க யார் யாருடைய முகங்களையோ திரையில் பெரிதாக்கி, நெற்றியில் வழிந்த எண்ணெயைத் துடைத்து, மூடிய கண்ணைத் திறந்து வைப்பாள். ஆனால் இந்த நான்கு வருடத்தில் அவளை ஒருவரும் ஒரு படம் எடுத்ததில்லை. மகள் ஆதிரையின் முதல் பிறந்தநாள் படத்தில்கூடக் குழந்தையைத் தூக்கிப் பிடித்த இரண்டு கைகள் மட்டும்தான் இருக்கின்றன.

காரணம் ஊரில் இருந்தது. சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம். எட்வின் வேறு சாதி, வேறு மதம். ஒரு விடியலில் கிளம்பி இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். அன்று சாயங்காலமே வீட்டில் அவளுக்குத் தலைமுழுகி, ஆல்பங்களையும் சுவரில் மாட்டியிருந்த படங்களையும் முற்றத்தில் போட்டுக் கொளுத்திவிட்டார்கள். அடுத்த மாதம் எட்வினின் தம்பியை வழிமறித்துக் கையை முறித்தார்கள். "கண்ணுல பட்டா அன்னைக்கே முடிச்சிருவேன்" என்று அண்ணன் இசக்கிராஜா ஊர்க்கூட்டத்தில் பெரியப்பா முன்னால் சத்தியம் செய்தான் என்று கேள்வி. கைபிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போன அண்ணன் அவன்.

அன்றிலிருந்து பேர் மாறியது, பேச்சு மாறியது. கடையில் திருநெல்வேலிப் பேச்சு வாயில் வந்துவிடாமல் பார்த்துப் பார்த்துப் பேசுவாள். வீட்டுக்குள் எட்வினிடம் மட்டும் பழைய பேச்சு.

அவளுக்கு ஒரு தைரியம் இருந்தது. அது தொழில் கொடுத்த தைரியம். யாராவது வாட்ஸப்பில் வந்த குட்டிப் படத்தைக் கொண்டுவந்து பெரிய பேனர் கேட்டால் அவள்தான் விளக்குவாள்.

"படம்னா புள்ளிங்க சார். கையில வச்சுப் பாக்கற படத்துக்கு ஓர் அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி வேணும். ரோட்டுல நின்னு அண்ணாந்து பாக்கற பேனருக்கு முப்பது இருந்தாலே போதும், தூரத்துல கண்ணு அதைச் சேர்த்துப் பாத்துக்கும். ஆனா இல்லாத புள்ளியை நான் எங்கிருந்து கொண்டு வர்றது? உங்க படத்துல முகம் இத்தனூண்டு. பெருசாக்கினா கட்டம் கட்டமா உடைஞ்சுதான் போகும்."

தெருவில் யாராவது செல்ஃபி எடுக்கும்போது பின்னால் மாட்டிக்கொண்டால் மனசுக்குள் கணக்குப் போடுவாள். இவ்வளவு தூரம், இந்தப் போன், என் முகம் பத்துப் புள்ளிதான் இருக்கும். பத்துப் புள்ளியில் யாரும் யாரையும் கண்டுபிடிக்க முடியாது. அப்படி நினைத்த பிறகுதான் மூச்சு சீராகும்.

அந்தக் கணக்கு 'தெளிவு' வந்ததும் பொய்யானது.

முபாரக் பாய் அந்த மென்பொருளை வாங்கிக் கணினியில் போட்ட அன்று கடையில் திருவிழா மாதிரி இருந்தது. மலைக்கோயில் படிக்கட்டில் நின்று ஊரை எடுத்த ஒரு படத்தைத் திரையில் போட்டார். எந்த அளவுக்கு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம், உடையாது என்றார். விரலால் இழுத்தார். ஊர் தெருவானது. தெரு ஒரு மருந்துக்கடைப் பலகையானது. பலகைக்கு மேல் மொட்டைமாடி, மாடியில் கொடி, கொடியில் பச்சை கிளிப்.

"வசந்தி, இது உங்க வீடு இல்ல? பாரும்மா, நீதான் துணி காயப்போடறே! காதுல போட்டிருக்கற கம்மல்கூடத் தெரியுது."

அவள் சிரிக்க முயன்றாள். திரையில் நீல நைட்டி போட்ட ஒரு பெண் பாதி திரும்பி நின்றாள். யாரோ எங்கேயோ நின்று எடுத்த படம். அதற்குள் அவள் வீடு, அவள் காது.

அன்றிலிருந்து துணி வீட்டுக்குள்தான் காய்ந்தது. ஆதிரையை மாடிக்குக் கூட்டிப்போவது நின்றது.

தெளிவு வந்த சில மாதங்களிலேயே ஊர் உலகமெல்லாம் மாறிப்போனது. முதலில் நல்ல செய்திகள்தான் வந்தன. திருவிழாவில் தொலைந்த பிள்ளை, வேறு மாநிலத்து ரயில் நிலையத்தில் யாரோ எடுத்த படத்தின் மூலையில் கிடைத்தது. பிறகு மற்றவை வந்தன. உடம்பு சரியில்லை என்று லீவு போட்டவனைக் கம்பெனி, கடற்கரைப் படம் ஒன்றின் ஓரத்தில் கண்டுபிடித்தது. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் நிச்சயதார்த்தப் படத்தைப் பெரிதாக்கி, மேஜை மேல் இருந்த மாத்திரை அட்டையைப் படித்துவிட்டுக் கல்யாணத்தை நிறுத்தினார்கள். மகளிர் விடுதிகளின் ஜன்னல் கண்ணாடிக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்தார்கள். முகக்கவசம் மறுபடியும் எல்லோர் முகத்துக்கும் ஏறியது. கேட்டால் தூசி என்பார்கள்.

கடைசியில் தெளிவு 'தேடல்' என்று ஒரு பகுதியைத் திறந்தது. காணாமல் போனவரின் முகத்தை அதில் போட்டால் போதும், உலகத்தில் யார் எடுத்துப் பொதுவில் போட்ட படமானாலும் அதன் பின்னணியில் இருக்கும் சின்னச் சின்ன முகங்களை எல்லாம் பெரிதாக்கி ஒப்பிட்டுப் பார்க்கும்.

தினமும் மதியம் பாய் சாப்பிடப் போனதும் வசுமதி அந்தப் பக்கத்தில் தன் பேரைத் தட்டிப் பார்ப்பாள். இருக்காது. தண்ணீர் குடித்துவிட்டு வேலையைப் பார்ப்பாள். ஒரு நாள் இருந்தது.

'காணவில்லை. வசுமதி. சங்கரன்கோவில் அருகில். தகவல் தருவோர் அணுக வேண்டியவர்: இசக்கிராஜா, அண்ணன்.'

மேலே முகம். பார்க்கத் துணிவில்லாமல் கண்ணை மூடி, பிறகு திறந்தாள். அது அவள் இல்லை.

சிவந்த நிறம், கத்தி மாதிரி மூக்கு, மெழுகிவிட்டது போலக் கன்னம். வசுமதி நல்ல கருப்பு. மூக்கு அப்பாவைப் போல அகலம். ஆனால் படத்தில் இருந்த ரவிக்கையின் கரை அவளுக்குத் தெரிந்தது. சித்தி மகள் கல்யாணத்துக்குத் தைத்தது. அந்தக் கல்யாணத்தில் எடுத்த கும்பல் படத்தில் மூன்றாவது வரிசையில், அத்தையின் தோளுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றாள். விரல் நகம் அளவுகூட இல்லாத முகம். எல்லாப் படத்தையும் எரித்தவர்களுக்கு உறவுக்காரர் வீட்டில் கிடைத்தது அதுதான் போலும்.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள அவள் ஒரு காரியம் செய்தாள். போன வாரம் எடுத்த ஒரு மணப்பெண்ணின் பெரிய படத்தை வேண்டுமென்றே நகம் அளவுக்குச் சுருக்கினாள். சுருக்கியதைத் தெளிவில் போட்டுப் பழைய அளவுக்குப் பெரிதாக்கினாள். ஒவ்வொரு புருவ முடியும் தெரிகிற மாதிரி துல்லியமாக ஒரு பெண் வந்தாள். பெற்ற தாய்கூட அவளை அந்த மணப்பெண் என்று சொல்ல மாட்டாள்.

பாய் திரும்பி வந்து இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது பெருசாக்கலைம்மா" என்றார் மெல்ல. "வரையுது."

"எதைப் பாத்து வரையுது பாய்?"

"அதுக்குக் காட்டிப் பழக்கின முகங்களைப் பாத்துத்தான். சினிமா, விளம்பரம், இன்னும் என்னென்னவோ. கொஞ்ச தூரம் வரைக்கும் படத்துல இருக்கறதைச் சொல்லுது. அதுக்கு மேல அதுவா சொல்லுது. எந்த இடத்துல நிறுத்திட்டு எந்த இடத்துல ஆரம்பிக்குதுன்னு நமக்குத் தெரியாது. ரெண்டும் ஒரே ஷார்ப்பா இருக்குதே."

அன்றைக்கு எட்வின் வேலையிலிருந்து வந்ததும் அந்த அறிவிப்பைக் காட்டினாள். அவன் முகம் வெளிறி, பிறகு மெதுவாகத் தெளிந்தது. கடைசியில் வாய்விட்டுச் சிரித்தான்.

"ஏட்டி, இவள எங்கன போயித் தேடுவாவ? ஒன்னய நீயே தேடுனாலும் இதுல கிடைக்க மாட்ட."

ரொம்ப நாளைக்குப் பிறகு மூவரும் வெளியே போய்ப் பரோட்டா சாப்பிட்டார்கள். வசுமதி முகக்கவசத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள்.

அந்த நிம்மதி மழைக்காலம் முடியும் வரைதான் நீடித்தது. ஒரு வியாழக்கிழமை மதியம் பழக்கதோஷத்தில் பேரைத் தட்டினாள். அறிவிப்பின் நிறம் பச்சையாகியிருந்தது.

'கண்டுபிடிக்கப்பட்டார். குடும்பத்தினர் நேரில் உறுதி செய்தனர்.'

அவள் முதலில் பார்த்தது கடையின் கண்ணாடிக் கதவைத்தான். வெளியே இரண்டு பேர் பைக்கை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். நாற்காலியை விட்டு இறங்கி மேஜைக்கு அடியில் உட்கார்ந்துவிட்டாள். அவர்கள் வேறு கடைக்குப் போனார்கள். எழுந்து மீதியைப் படித்தாள்.

இடம்: நாமக்கல். கோட்டைப் பாறை மேல் நின்று ஏதோ ஒரு சுற்றுலாக் குடும்பம் எடுத்த படம். கீழே தெரிந்த மாடி ஒன்றில், தலை துவட்டிக்கொண்டு ஒரு பெண். பெரிதாக்கினால் அதே சிவந்த முகம், அதே கத்தி மூக்கு.

'நேரில் உறுதி செய்தனர்.' அவள் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேரில் என்றால் அண்ணன் போயிருக்கிறான். போய் என்ன செய்தான்? செய்திகளில் தேடினாள். நாமக்கல்லில் எந்தப் பெண்ணுக்கும் எதுவும் நேர்ந்ததாக இல்லை. படத்தில் அந்த மாடிக்குக் கீழே லாரி உதிரிபாகக் கடைப் பலகை ஒன்று தெரிந்தது. அதில் போன் நம்பர் பளிச்சென்று இருந்தது. கடைப் போனிலிருந்து கூப்பிட்டாள்.

"நாமக்கல்லா? இது வந்தவாசிங்க. நாங்க கோரைப்பாய் பின்றவங்க" என்றது ஒரு குரல்.

நம்பரையும் அதுவே எழுதியிருக்கிறது.

வீட்டில் எட்வின் ஒரே பிடியாக நின்றான்.

"விட்டுரு வசு. யாரையோ பாத்துட்டு ஒன்னயன்னு நெனச்சுத் திரும்பிப் போயிட்டாவ. இனிமே நம்மளத் தேட மாட்டாவ. இத விட என்ன வேணும் நமக்கு?"

"எங்கண்ணனுக்கு என் மூஞ்சி தெரியாதா? நேர்ல பாத்துட்டு எப்படி நான்தான்னு சொல்லுவான்? அந்த மெஷின் சொன்னத நம்பி, கண்ண நம்பாம போயிட்டானா? அப்படின்னா அவளுக்கு நான் ஓடிப்போனதுக்கு உண்டான தண்டனையக் குடுத்திருப்பான்லா?"

"நமக்குப் பிள்ள இருக்குட்டி."

"அவளுக்கும் இருக்கும்."

எட்வின் எழுந்து போய் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டான். உள்ளே பார்க்காமலே சொன்னான். "ஞாயித்துக்கெழம போயிட்டு வா. பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன். ஆனா ஒன் பேரச் சொல்லக் கூடாது. யாருட்டயும்."

நாமக்கல்லில் இறங்கியதிலிருந்து அவளுக்குப் பாறையின் மேல்தான் கண். ஊரில் எங்கே திரும்பினாலும் அது தெரிந்தது. அதன் உச்சியில் சின்னச் சின்னதாக மனிதர்கள் நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் போன் இருக்கும். முகக்கவசத்தை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, தலையைக் குனிந்து நடந்தாள். உதிரிபாகக் கடை கிடைத்தது. பலகையில் இருந்த உண்மையான நம்பரில் நான்கு எண்கள் வேறு. பக்கத்தில் மாடிப்படி.

கதவைத் தட்டினாள். அறிவிப்பில் இருந்த முகம் கதவைத் திறந்தது.

உயிரோடு இருந்தாள். காயம் எதுவும் இல்லை. ஆனால் கண்கள் அழுது வீங்கி, குரல் கம்மிப்போயிருந்தது.

"ஆருங்க?"

வசுமதிக்கு யோசித்து வைத்த பொய் எதுவும் வாயில் வரவில்லை. "வசுமதின்னு... தேடி..." என்று இழுத்தாள்.

"நீங்களுமா?" அந்தப் பெண் கதவைச் சாத்தப் போனாள். "நான் வசுமதி இல்லைங்க! எம்பேரு சுகந்தி! இன்னும் எத்தனை பேருக்கு நான் சொல்லோணும்?"

"எனக்குத் தெரியும்" என்றாள் வசுமதி. "நீங்க இல்லன்னு எனக்குத் தெரியும்."

சாத்தப்போன கதவு பாதியில் நின்றது. மூன்று நாளில் அந்தச் சொல்லைச் சொன்ன முதல் ஆள் அவள்தான். சுகந்தி கதவைப் பிடித்தபடியே குலுங்கி அழுதாள்.

உள்ளே ஒரு சூட்கேஸ் மூடித் தயாராக இருந்தது. சுவரை ஒட்டிய நாற்காலியில் அவள் கணவன் நல்லசிவம் உட்கார்ந்திருந்தான். லாரி ஓட்டுபவன். மூன்று நாளாக லாரி எடுக்கவில்லை என்பது அவன் தாடியில் தெரிந்தது. வந்தவளை அவன் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான்.

சுகந்திதான் சொன்னாள். சேலத்தில் ஓர் ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்தவள் அவள். அப்பா அம்மா யாரென்று தெரியாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் நல்லசிவம் விரும்பிக் கட்டிக்கொண்டான். வியாழக்கிழமை காலையில் மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பெரியவர்கள், ஓர் இளவயசுக்காரர். போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார்கள். தொண்ணூற்று மூன்று சதவீதம் பொருந்துகிறது என்றது.

"பெரியவங்க ரெண்டு பேரும் அந்த ஆளையவே பாத்தாங்க. 'எங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியல, நீ நல்லாப் பாத்துச் சொல்லுடே, உன் தங்கச்சிதானா'ன்னு கேட்டாங்க. அந்த ஆளு என்னையவே ரொம்ப நேரம் பாத்தாருங்க. நான் இல்லைங்க இல்லைங்கன்னு கத்தறேன். 'இவதான்'ன்னு சொல்லிப் போட்டாரு. அப்பறம் பெரியவர் எங்க வீட்டுக்காரரை நீங்க என்ன ஆளுக, எந்த ஊருன்னு விசாரிச்சாரு. 'அந்தப் பயல விட்டுட்டு எப்படியோ கௌரவமான எடத்துல வந்து பொழைக்கா, போகட்டும், இனி எங்களுக்கு அவ இல்ல'ன்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் அவங்களுக்கு." சுகந்தி கணவனைப் பார்த்தாள். "இவருக்கு அப்படியில்லைங்களே. என்னைய இன்னொருத்தன் பொண்டாட்டிங்கறாரு. அநாதைன்னு பொய் சொல்லி ஏமாத்திட்டேங்கறாரு. இல்லத்துலயே கொண்டுபோய் விடப் போறாராம்."

நல்லசிவம் அப்போதுதான் வாயைத் திறந்தான். "கூடப்பொறந்த அண்ணன் வந்து சொல்றானுங்க. மெஷின் சொல்லுது. இவ பக்கம் சாட்சி சொல்ல ஒரு ஈ காக்கா இல்ல. நான் எதைங்க நம்பறது?"

வசுமதிக்கு எட்வின் சொன்னது காதில் கேட்டது. பேரைச் சொல்லக் கூடாது. வாசல் நான்கு எட்டுத் தூரத்தில் திறந்துதான் கிடந்தது. தெரியாத வீடு, தெரியாத மனிதர்கள். இறங்கிப் போய்ப் பஸ் ஏறினால், அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க அவளைத் தேட ஆளில்லை. ஆதிரையை மாடியில் விளையாட விடலாம். பள்ளிக்கூடத்தில் சொந்தப் பேரில் சேர்க்கலாம். அவள் கால் ஓர் அடி பின்னால் போனது. சுகந்தி அதைப் பார்த்தாள். பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் ஒருவேளை வசுமதி ஓடியிருப்பாள்.

முகக்கவசத்தைக் கழற்றினாள்.

"நான்தான் வசுமதி. அவிய தேடி வந்தது என்னயத்தான்."

நல்லசிவம் எழுந்து வந்தான். அவள் முகத்தை, அவள் நிறத்தை, மூக்கைப் பார்த்தான். போனை எடுத்து அந்த அறிவிப்பைத் திறந்து, அவள் முகத்துக்கு நேரே பிடித்தான். வசுமதி அசையாமல் நின்றாள். எந்தக் கண்ணுக்குப் பயந்து நான்கு வருடம் ஒளிந்தாளோ அந்தக் கண் அவளை மேலும் கீழும் அளந்தது.

"முப்பத்தெட்டு" என்றான். "பொருந்தலைங்க."

"அது தப்பு. அந்தப் போட்டோவே தப்பு. நகம் அளவு முகத்தப் பெருசாக்கி அதுவா வரைஞ்சது..."

"யாரு சொல்லி வந்தீங்கம்மா?" அவன் குரலில் கோபம்கூட இல்லை, அலுப்புதான் இருந்தது. "இவளுக்குக் கூட்டாளியா? இல்லத்துல கூட இருந்தவளா? போங்க. போயிருங்க."

வசுமதி சிரித்துவிட்டாள். சிரிப்பு என்று அதைச் சொல்ல முடியாது. நான்தான் என்று சொல்லும் தைரியம் வந்த நாளில், நீ இல்லை என்கிறார்கள்.

"உங்க போனக் குடுங்க" என்றாள். "அந்த அண்ணன் நம்பரு எனக்கு மனப்பாடம். அவன் வாயால கேளுங்க."

நம்பரைத் தட்டும்போது விரல் இரண்டு முறை தவறியது. நாமக்கல் போனிலிருந்து போகிறது, ஓசூர் அவனுக்குத் தெரியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒலிபெருக்கியைப் போட்டு மேஜையில் வைத்தாள். மணி அடித்தது. எடுக்காமல் போனால் நல்லது என்று ஒரு கணம் வேண்டிக்கொண்டாள்.

"ஹலோ, யாரு பேசுதது?"

அதே குரல். கொஞ்சம் தடித்திருந்தது.

"அண்ணே."

அந்தப் பக்கம் கோழி ஒன்று கூவியது. யாரோ வாளியை நகர்த்தினார்கள்.

"அண்ணே, நான் வசு. நாமக்கல்லு வீட்டுல நிக்கேன். இந்தப் பிள்ள நான் இல்லன்னு..."

"யாருல அது?" என்று தூரத்தில் ஒரு கிழட்டுக் குரல் அதட்டியது. பெரியப்பா. வசுமதியின் கை தானாகப் போய் வாயைப் பொத்தியது.

"ராங் நம்பரு பெரியப்பா."

ஆனால் அவன் உடனே வைக்கவில்லை. மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது. மூக்கை உறிஞ்சினான். பிறகு, யாரோ முன்பின் தெரியாதவளிடம் பேசுவது போலச் சத்தமாகச் சொன்னான். "தப்பா அடிச்சிட்டீயம்மா. இனிமே இந்த நம்பருக்கு அடிக்காதீய." குரல் கீழே இறங்கியது. "பாத்து இரு."

இணைப்பு அறுந்தது.

மூவரும் மேஜையில் கிடந்த போனையே பார்த்தார்கள். நல்லசிவம் அதைத் தொடவில்லை. "ராங் நம்பருக்கு ஆருங்க அழுவாங்க" என்றான். யாரிடமும் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். பிறகு சுகந்தியின் பக்கம் திரும்பி, கையை நீட்டப் போய், பாதியில் நிறுத்தினான்.

"மூணு நாளாக் கத்துனேன்" என்றாள் சுகந்தி. "தொண்டை போச்சு. அது உங்களுக்குக் கேக்கல. எங்கியோ இருக்கற ஒருத்தன் மூக்கை உறிஞ்சுனது கேட்டுதுங்களா?"

அவள் சூட்கேஸைப் பிரிக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. அதைத் தாண்டி நடந்து, வசுமதியை வழியனுப்பப் படியிறங்கினாள்.

படியின் கீழே தெரு வெயிலில் தகித்தது. வசுமதிக்குப் பயம் இன்னும் விடவில்லை. பெரியப்பா கேட்டிருப்பாரா, போனை வாங்கிப் பார்த்திருப்பாரா, அண்ணனை என்ன செய்வார்கள் என்று மாறி மாறி ஓடியது. முகக்கவசத்தைக் கையில் கசக்கிக்கொண்டே நின்றாள்.

"அக்கா" என்றாள் சுகந்தி. "உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். எங்க வீட்டுக்காரர்கிட்டகூட நான் சொல்லல. அன்னைக்குப் பெரியவங்க ரெண்டு பேரும் கீழ எறங்கிப் போனதுக்கப்பறம் இவரு உள்ள போயிருந்த நேரம் பாத்து அந்த ஆளு மட்டும் திரும்பி வந்தாருங்க. 'என்னைய மன்னிச்சிரும்மா'ன்னாரு. எதுக்குன்னு எனக்குப் புரியல. போனைத் திறந்து ஒரு போட்டோவைக் காட்டுனாரு. காட்டுனாருன்னா, எனக்கில்லை, அவரே பாத்துக்கிட்டு நின்னாரு. நான் எட்டிப் பாத்தேன்."

"என்ன போட்டோ?"

"ஒரு பைக்கு மேல அவரும் ஒரு பொண்ணும். கருப்பா, பல்லு தெரியச் சிரிச்சுக்கிட்டு. உங்களை இப்ப மாஸ்க் இல்லாமப் பாத்ததும்தான் எனக்குத் தெரிஞ்சுது, அது நீங்கதாங்க."

வசுமதிக்கு நினைவு வந்தது. கல்லூரியில் சேர்ந்த அன்று அவன் எடுத்தது. எரித்தவற்றோடு அதுவும் போயிருக்கும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"சின்னப் போட்டோவா?" என்று கேட்டாள். "மங்கலா இருந்துச்சா?"

"இல்லைங்கக்கா. போன் முழுக்க இருந்துச்சு. உங்க மொகம் அவ்வளவு தெளிவு. புருவத்துல ஒவ்வொரு முடியும் தெரிஞ்சுது."

அந்தப் படம் கையில் இருந்தவன், மூன்றாவது வரிசையில் அத்தையின் தோளுக்குப் பின்னால் நின்ற விரல் நகம் அளவு முகத்தை எடுத்துத் தேடக் கொடுத்திருக்கிறான்.

வசுமதி அந்தப் படியிலேயே உட்கார்ந்தாள். எதிரே கோட்டைப் பாறை முழுசாகத் தெரிந்தது. அதன் மேல் யார் யாரோ நின்று ஊரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சுகந்தி தண்ணீர் கொண்டுவர உள்ளே ஓடினாள். வசுமதி முகத்தை மூடாமல், இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு, வெயிலில் அழுதாள்.